வர்க்கி பேக்கரியில் எபாக்சி தரை உரிகிறது: கான்ட்ராக்டர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் நானும் என் கணவரும் சின்னதாக வர்க்கி பேக்கரி நடத்துகிறோம். உதவிக்கு ஒரு பையன். போன அக்டோபரில், கோயம்புத்தூரிலிருந்து வந்த கான்ட்ராக்டரை வைத்து 900 சதுர அடிக்கு எபாக்சி தரை (ரசாயனப் பிசின் பூச்சு) போட்டோம். பேசியது 1,10,000 ரூபாய், கொடுத்தது 90,000. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான், எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. ஜனவரியிலேயே தரை கொப்பளித்தது. இப்போது அடுப்புப் பக்கம் தகடு தகடாக உரிகிறது. கேட்டால், "உங்க தரையில ஈரம் இருக்கு மேடம், அதுக்கு நான் பொறுப்பில்லை" என்கிறார். மீதி 20,000-ஐயும் கேட்கிறார். வழக்குப் போடலாமா? அடுத்த முறை நம்பகமான ஆளை எப்படிப் பிடிப்பது?

பதில்: முதலில் ஒன்று. கோபத்தில் தரையைப் பெயர்த்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சாட்சியே அந்தத் தரைதான்.

உரிந்த தகடு ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிமெண்ட் தூள் அப்பிக்கொண்டு வந்தால், பழைய தரையைச் சரியாக கிரைண்டிங் செய்யவில்லை, அதாவது மெஷினால் தேய்த்துச் சொரசொரப்பாக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஈரமோ வெள்ளை உப்போ இருந்தால் கீழிருந்து நீராவி தள்ளியிருக்கலாம். அடுப்புப் பக்கம் மட்டும் மோசமாக இருக்கிறது என்றால் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதனால்தான் சூடான சமையல்கூடங்களுக்கு பியூ கான்கிரீட் (பாலியூரித்தேன் கலந்த சிமெண்ட் தரை) போடுகிறார்கள். எது காரணம் என்று நீங்களோ நானோ சொன்னால் எடுபடாது. தனியார் சிவில் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதற்கு முன், "இத்தனாம் தேதி இன்ஜினியர் வருகிறார், நீங்களும் வந்து பாருங்கள்" என்று கான்ட்ராக்டருக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட் அனுப்பிவிடுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு.

"ஈரம் இருந்தது, நான் பொறுப்பில்லை" என்ற வாதம் அவருக்கே எதிராகத் திரும்பும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் யார்? வர்க்கி போடுகிற நீங்களா, தரை போடுவதையே தொழிலாக வைத்திருப்பவரா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(11)-இல், கவனக்குறைவும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று கவலை வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், வாட்ஸ்அப் அதற்குச் சான்று. ஆனால் நீங்கள் எனக்கு அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் படங்களில் "தீபாவளிக்குள்ள முடிச்சுக் கொடுங்க" என்று உங்கள் செய்தியும் இருக்கிறது. மழையும் பனிமூட்டமுமான ஐப்பசியில் அவசரப்படுத்தியது நீங்கள்தான் என்று அதைக் காட்டுவார். நல்லவேளை, அதற்கு அடுத்து "ஒண்ணும் ஆகாது மேடம், நான் கேரண்டி" என்று அவர் குரல் பதிவு இருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டம் 2023-இன் பிரிவு 63 சான்றிதழ் (பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்ற உறுதிமொழி) இணைக்க வேண்டும்.

எங்கே போவது? ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க பிரிவு 34 இடம் தருகிறது, கோவைக்கு இறங்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வணிகத்துக்காகப் பெற்ற சேவை, அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு ஆள் உதவிக்கு இருந்தாலும் அந்த விலக்கு போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் பொருள், சேவை இரண்டுக்கும் இருந்த விலக்கு, 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஆகவே எபாக்சி டப்பாக்களின் விலை, கூலி இரண்டையும் பிரித்துக் காட்டி, பொருளும் வாங்கினேன் என்று புகாரில் எழுதும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். அது எடுபடாவிட்டாலும் சிவில் வழக்கு இருக்கிறது. வேலை நடந்த இடம் உங்கள் ஊர் என்பதால் அதையும் இங்கேயே போடலாம், கெடு 3 ஆண்டு. போலீஸ் புகார் வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடியாத இடத்தில் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மீதி 20,000-ஐக் கொடுக்காதீர்கள். ஆனால் சும்மா நிறுத்தி வைக்காமல், ஏன் நிறுத்தினீர்கள் என்று கான்ட்ராக்டருக்கு அனுப்பும் நோட்டீஸில் எழுதிவிடுங்கள்.

அறிக்கை வந்த பிறகு தரையைச் சரிசெய்யத் தாமதிக்க வேண்டாம். நஷ்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முழுதும் அவர் தலையில் கட்ட முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 அப்படித்தான். தரையும் சுவரும் பூச்சு உரியாமல், கழுவ வசதியாக இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்க்கும் வரை விடாதீர்கள்.

அடுத்த ஆளைப் பற்றி. போனிலேயே "சதுர அடி இவ்வளவு" என்று விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன். பின்சுவருக்கு அப்பால் மண்மேடா, அடித்தளத்துக்குக் கீழே ஈரம் ஏறாமலிருக்க பாலித்தீன் விரித்தார்களா, அடுப்பு எங்கே, தரை எத்தனை வருடப் பழசு என்று அவர் உங்களைக் கேட்க வேண்டும். முன்பு போட்ட தரையைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் மேட்டுப்பாளையத்தில் இல்லை, குன்னூர், ஊட்டியில், ஒரு மழைக்காலம் பார்த்த தரையை.

ஒப்பந்தத்தை இரண்டு பக்கத்தில் எழுதலாம். தடிமன் எத்தனை மில்லிமீட்டர், எந்த பிராண்டு, கிரைண்டிங் யார் செலவு என்பதெல்லாம் அதில் வரட்டும். சீல் உடைக்காத டப்பாக்களை உங்கள் முன்னால்தான் திறக்க வேண்டும், பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சோதனையையும் எழுதுங்கள். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரமாவது விட வேண்டும். அடியில் நீர் முத்தாவது கண்டாலோ தரை கறுத்திருந்தாலோ வேலை தள்ளிப்போக வேண்டும். குளிரில் எபாக்சி இறுகாது என்பதால், 10 டிகிரிக்குக் கீழே போனால் பூசக் கூடாது என்றும் போடுங்கள். எனக்குப் பிடித்தது பிப்ரவரி, மார்ச்.

பணத்தை வேலைக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். 10 சதவீதத்தை ஜூன் முதல் டிசம்பர் வரை ஒரு முழு மழை ஓடும் வரை பிடித்து வையுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குச் சம்மதிப்பார், பேரம் பேசுவார், ஓடமாட்டார். அப்புறம், "வழக்கு கோவை நீதிமன்றத்தில் மட்டும்" என்று அச்சடித்த வரி கொட்டேஷன் அடியில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அடித்துவிட்டு, பக்கத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.