செவ்வாய்க்குப் போகும் வழியில் பார்வை மங்குமா?

தினமும் 2 மணிநேரம் உடற்பயிற்சி செய்கிற உங்கள் கதைநாயகிக்கு, செவ்வாய்க்குப் போகும் வழியில் கண் மங்குவது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும், தாராளமாக எழுதுங்கள். பயிற்சி காப்பது எலும்பையும் தசையையும்தான் (அது இல்லாவிட்டால் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தி இழக்கும்), கண்ணில் நடப்பது வேறு. எடையின்மையில் காலில் இருக்கவேண்டிய நீர் தலைப்பக்கம் ஏறி, முகம் உப்பி, கால் மெலிந்து, சிலருக்கு விழியின் பின்புறம் லேசாகத் தட்டையாகி, பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடமும் வீங்கிவிடும். அப்புறம் தூரத்தில் உள்ளது தெரியும், கையில் பிடித்திருக்கும் தாளில் எழுத்து கலங்கும். விண்வெளி நிலையத்திலேயே இதற்காகக் கூடுதல் பவர் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அவள் பையிலும் ஒன்றை வையுங்கள். எனக்கு அதைவிடக் கவலை கதிர்வீச்சுதான்: நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன பயணத்தில் அளந்ததை வைத்துக் கணக்கிட்டால், போய்வரும் வழியில் மட்டுமே சுமார் 0.66 சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு)!