வெர்மூத் இருந்த இடத்தில் வைன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லண்டன் மச்சாள் போன முறை வந்தபோது எல்டர்ஃப்ளவர் போத்தல் ஒன்று கொண்டுவந்து தந்தாள். ஜின், வெள்ளை வைன் இரண்டோடும் இதைச் சேர்த்தால் அருமையான மார்ட்டினி வரும் என்றாள். அங்கே அவள் வீட்டில் குடித்தபோது உண்மையிலேயே அருமையாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை நான் இங்கே மூன்றையும் ஒரே அளவாகப் போட்டுச் செய்தேன். ஐஸ் போட்டும் புளித்த சர்பத் மாதிரி வந்தது. எங்கே பிழைத்தது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அளவில் பிழைத்தது, அதைவிடக் கூடுதலாகக் குளிரில் பிழைத்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தப் போத்தலை எடுத்து லேபலை ஒருமுறை வாசியுங்கள் தங்கச்சி. 20 சதவீதம் என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அது லிக்யூர், அதாவது மதுவில் எல்டர்ஃப்ளவர் என்கிற பூவை ஊறவைத்துச் சீனி சேர்த்தது. ஒன்றும் எழுதாமல் தண்ணீர் கலந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அது கோர்டியல், நம் வீட்டு நெல்லிக்கிரஷ் போல வெறும் பாகு. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு செய்வது இந்தக் கோர்டியலைத்தான். மே, ஜூன் மாதங்களில் வேலியோரத்தில் குடை குடையாகப் பூக்கும் அந்த வெள்ளைப் பூவைச் சீனிப்பாகில் லெமனோடும் சிட்ரிக் அமிலத்தோடும் ஊறப்போட்டு வடிப்பார்கள். பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் குடிக்க வேண்டிய சாமானை நீங்கள் ஜின் அளவுக்கு ஊற்றியிருந்தால் சர்பத் வராமல் வேறென்ன வரும்? புளிப்பும் அந்தச் சிட்ரிக் அமிலத்திலிருந்து வந்ததுதான், அதன்மேல் வைனின் புளிப்பு வேறு.

சரி, அளவு. அளவுக்கிண்ணம் தேவையில்லை, மேசைக்கரண்டி போதும். ஜின் 4 கரண்டி, வைன் 2 கரண்டி, எல்டர்ஃப்ளவர் லிக்யூர் 1 கரண்டி. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி என்பதால் இது 60, 30, 15 என்று வரும். உங்களிடம் இருப்பது கோர்டியல் என்றால் 2 தேக்கரண்டிக்கு மேல் போகவேண்டாம், முதல் முறை ஒன்றரையோடு நிறுத்தி நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பு கூடினால் குறைக்க வழியில்லை.

வைன் எதற்கு என்று மச்சாள் சொல்லியிருக்கமாட்டாள். வழக்கமான மார்ட்டினியில் ஜின்னோடு சேர்வது வெர்மூத். இன்றைக்கு உலகம் முழுக்கப் பார்காரர்கள் ஒப்புக்கொண்ட அளவில் ஜின் 60 மில்லி, டிரை வெர்மூத் 10 மில்லி. வெர்மூத் என்பதே வைன்தான், அதில் கசப்பு மூலிகைகளை ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து 18 சதவீதம் வரைக்கும் ஏற்றியிருப்பார்கள். வெர்முட் என்றால் ஜெர்மன் மொழியில் மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடி ஒன்று, பெயர் அங்கேயிருந்து வந்தது. ஆகவே வெர்மூத்தை எடுத்துவிட்டு வெள்ளை வைனும் பூவும் போடுகிறீர்கள் என்றால் கசப்பு மூலிகை போன இடத்தில் பூவை உட்காரவைக்கிறீர்கள், அவ்வளவுதான். இது மார்ட்டினியே இல்லை என்று எவராவது சண்டைக்கு வந்தால், 1880களில் மார்ட்டினி என்று ஊற்றியதில் பாதிக்குப் பாதி வெர்மூத், அதுவும் இனிப்பு வெர்மூத் இருந்தது என்று சொல்லி வாயை மூடுங்கள். ஆனால் சாதாரண வைன் 12, 13 சதவீதம்தான். வெர்மூத் போல உடம்பு கிடையாது, கசப்பும் கிடையாது. அதனால் மூன்றும் சம அளவு என்றால் ஜின் காணாமல் போய்விடும்.

எந்த வைன் என்றால் சோவின்யோன் பிளாங்க். பச்சைப் புல், பாஷன் ஃபுரூட் வாசமெல்லாம் அதில் இருக்கும், எல்டர்ஃப்ளவரோடு ஒரே குடும்பம் போலச் சேரும். மரப்பீப்பாயில் கிடந்த ஷார்டனே வேண்டாம், பட்டர் தடவிய பாணுக்குப் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும். இந்த 2 கரண்டிக்காக விலை கூடிய போத்தல் வாங்கவும் வேண்டாம், இங்கே இறக்குமதி வைனுக்கு வரி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நேற்று விருந்தில் மிஞ்சி பிரிட்ஜில் மூடியோடு நின்றது நல்லாய்ப் போதும்.

இப்போது குளிர். உங்கள் மச்சாளின் குசினி 18 பாகை என்றால் உங்களுடையது 30. அங்கே அலுமாரியில் நின்ற ஜின்னும் பாதி குளிர்ந்த ஜின்தான். இங்கே அலுமாரி ஜின்னை ஐஸில் ஊற்றினால் குளிர்வதற்கு முன்னாலேயே ஐஸ் பாதி உருகித் தண்ணீராகிவிடும். ஐஸ் உருகவே கூடாது என்று நினைக்கவேண்டாம், உருகும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு பங்குதான், கலந்த அளவில் கிட்டத்தட்ட கால்வாசி. ஆனால் அது மெதுவாக வரவேண்டும். எல்டர்ஃப்ளவருக்கு இன்னொரு குணம் உண்டு, நன்றாகக் குளிர்ந்திருந்தால் பூ, கொஞ்சம் சூடேறினால் சோப்பு. நீங்கள் சர்பத் என்று சொன்னதில் பாதி இந்தச் சூடுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

அதனால் முதல்நாளே ஜின் போத்தலைப் பிரிட்ஜின் மேல் தட்டில், ஐஸ் கட்டும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். 40 சதவீத ஜின் வீட்டு ஃப்ரீசரில் உறையாது, கொழகொழவென்று எண்ணெய் போல ஆகும், பயப்படவேண்டாம். வைனைக் கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே வைத்தால் உறைந்து தக்கை கிளம்பும். கிளாஸையும் மேலே வையுங்கள், சின்னக் கிளாஸ், 120, 150 மில்லிக்கு மேல் வேண்டாம். அந்த விரிந்த முக்கோணக் கிளாஸ் பார்க்க அழகு, ஆனால் நம் ஊர் வராந்தாவில் பத்து நிமிடத்தில் கஞ்சியாகிவிடும், கை ஆடினால் பாதி சட்டையில்.

ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் முக்கால்வாசி ஐஸ் போட்டு, மூன்றையும் ஊற்றி, நீளக் கரண்டியால் மெதுவாகச் சுற்றுங்கள். குலுக்கவேண்டாம், குலுக்கினால் காற்றும் ஐஸ்தூளும் புகுந்து கலங்கிவிடும். எத்தனை விநாடி? ஜின் ஃப்ரீசரிலிருந்து வந்திருந்தால் 40, 45 விநாடி, கடைபோத்தலை அப்படியே ஊற்றியிருந்தால் 25 போதும். நான் கையை நம்புகிறவன், போத்தலை வெறுங்கையால் பிடித்திருக்க முடியாமல் விரல் கடுக்கத் தொடங்கினால் நிறுத்துவேன். பிறகு தேத்தண்ணி வடியால் வடித்துக் கிளாஸில் ஊற்றி, மஞ்சள் லெமன் தோலை உள்வெள்ளை வராமல் மெல்லச் சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். சீவிய தோல் நெளியும்போது எண்ணெய் துளித்துளியாகப் பானத்தின் மேல் விழுந்து மினுங்கும், விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தேசிக்காய்த் தோலும் ஆகும், ஆனால் அதன் காரம் பூவை அமுக்கிவிடும், கடுகளவு போதும்.

ஐஸைப் பற்றி ஒரு கதை. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டுப் பேருக்கு இதையே செய்தேன். அளவெல்லாம் சரி, ஜின் குளிர், கிளாஸ் குளிர், நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். பெரியப்பாவின் மகன் மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தி, "மச்சான், இதுக்குள்ள நெத்தலி போட்டனியோ?" என்றான். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கருவாட்டுப் பொட்டலம் இரண்டு கிழமையாகக் கிடந்திருக்கிறது. ஃப்ரீசர் வாசத்தை ஐஸ் அப்படியே பிடித்துக்கொள்ளும், குழம்பில் தெரியாதது ஜின்னில் தெரியும். அன்றிலிருந்து விருந்து என்றால் முதல்நாள் இரவு புதுத்தண்ணீர், மூடியுள்ள தட்டு.

கடைசியாகப் பலம். மேலே சொன்ன அளவில் சுத்த மதுசாரம் கிட்டத்தட்ட 30 மில்லி. 4.8 சதவீத பியர் 625 மில்லி பெரிய போத்தல் முழுக்கக் குடித்தால் உடம்புக்குப் போவதும் அதே 30 மில்லிதான். பியர் வயிற்றை நிரப்பி நிறுத்தும், இது நாலு மிடறில் இறங்கிவிடும், வாசம் வேறு பூ வாசம். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, சாவியை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள்.

கேள்வி: விருந்துக்கு முன்னாலேயே ஒரு போத்தலாகக் கலந்து ஃப்ரீசரில் வைத்துவிடலாமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: கலக்கலாம், ஆனால் உருகும் ஐஸுக்குப் பதிலாகத் தண்ணீரையும் நீங்களே அளந்து ஊற்றவேண்டும், ஒரு ஆளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. அப்படிக் கலந்தது 24 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், தனி ஜின் மாதிரி உறையாமல் நிற்காது. இரவு முழுக்க ஃப்ரீசரில் விட்டால் காலையில் ஐஸ்பழம். பரிமாற இரண்டு மணித்தியாலத்துக்கு முன் மேலே ஏற்றுங்கள், போதும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உள்ளவர் வீட்டில் விருந்தை வைத்துக்கொள்ளுங்கள், 2022 மின்வெட்டு நமக்கு அதைப் படிப்பித்துவிட்டதே.

கேள்வி: எந்த ஜின் நல்லது? பெயர் சொல்லுங்கள். (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பெயர் சொல்லமாட்டேன். மதுசார விளம்பரத்தை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, நான் ஆலோசனை என்று எழுதுவதை விளம்பரம் என்று எவராவது வாசித்துவிடக்கூடும். வகை சொல்கிறேன். லண்டன் டிரை என்று எழுதியிருக்கட்டும், ஜூனிப்பர் காய் வாசம் முன்னால் நிற்கட்டும். ரோஸ் நிறம், பழ வாசம், இனிப்பு சேர்த்தது எதுவும் இதற்கு ஆகாது, இனிப்பு ஏற்கெனவே லிக்யூரில் வந்துவிட்டது. கொழும்பிலேயே கறுவா, கறிவேப்பிலை, மல்லி, இஞ்சி எல்லாம் சேர்த்து வடிக்கும் ஜின் ஒன்று உண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிச்சரக்கு வராதபோது உள்ளூர்ச் சரக்கைப் போட்டுப் பார்த்த கதை அதன் பின்னால் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது, ஆனால் டொனிக்கோடு. எல்டர்ஃப்ளவர் பக்கத்தில் வைத்தால் கறுவா ஏறி மிதித்துவிடும். வேறு நாக்குகள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

கேள்வி: எங்களுக்கு லண்டனில் மச்சாளும் இல்லை, எல்டர்ஃப்ளவரும் கிடைக்கவில்லை. மல்லிகைப்பூ போடலாமா? (வாசகி, தெஹிவளை)

பதில்: மாலைக்கடை மல்லிகையை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. லைச்சி டின் வாங்குங்கள். எல்டர்ஃப்ளவர் வாசத்துக்குக் காரணமான ஒரு பொருள் ரோஸ் ஒக்சைடு, அதே பொருள் லைச்சியிலும் இருக்கிறது. 2007 இல் ஒரு பிரெஞ்சு எல்டர்ஃப்ளவர் லிக்யூர் சந்தைக்கு வந்த பிறகு பார்காரர்கள் அதை எதிலெல்லாமோ ஊற்றத் தொடங்கி, கடைசியில் தாங்களே அதைப் பார்காரர்களின் கெச்சப் என்று கேலி செய்தார்கள். ஆகவே அது இல்லாமல் போனதற்காகக் கவலைப்படவேண்டாம். டின் பாகில் 2 தேக்கரண்டியும் தேசிப்புளி நாலு துளியும் போதும். ரம்புட்டான் காலத்தில் மல்வானைப் பழம் பத்தை உரித்து, 100 கிராம் சீனி, 100 மில்லி தண்ணீரோடு ஐந்து நிமிடம் மெல்லக் காய்ச்சி, ஆறவிட்டு வடித்துப் பாருங்கள். அது எல்டர்ஃப்ளவர் ஆகாது. ஆனால் நான் இப்போது போத்தலே வாங்குவதில்லை.

கேள்வி: அண்ணி கர்ப்பமாக இருக்கிறா. அவவுக்கு மட்டும் தண்ணீர்க் கிளாஸ் கொடுக்க மனமில்லை. (வாசகர், கொள்ளுப்பிட்டி)

பதில்: எல்டர்ஃப்ளவர் கோர்டியல் 1 மேசைக்கரண்டி, தேசிப்புளி அரைத் தேக்கரண்டி, வெள்ளரிக்காய் நாலு சீவல், மேலே குளிர்ந்த சோடா. அதே சின்னக் கிளாஸில் அதே லெமன் தோலோடு கொடுங்கள். கோர்டியல்தானா என்று லேபலை வாசித்துவிட்டு ஊற்றுங்கள், லிக்யூரும் அதே நிறம்தான்.

கேள்வி: எங்கள் விருந்து நாளில் போயா வருகிறதே? (வாசகர், மட்டக்குளி)

பதில்: போயா என்றால் பௌர்ணமி விடுமுறை, மதுக்கடை பூட்டு. முதல்நாளே வாங்குங்கள், முதல்நாள் பின்னேரம் வரிசை நீளம், காலையிலேயே போங்கள்.

கேள்வி: மார்ட்டினி என்றால் ஒலிவ் காய் போடவேண்டுமே, இதற்கும் போடலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நான் ஒருமுறை போட்டேன். உப்புத்தண்ணீர் இரண்டு துளி இறங்கியதும் மாங்காய் அச்சாறுக்குப் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. ஒலிவைத் தனிக்கிண்ணத்தில் கஜுவோடு வையுங்கள்.