வயது ஏற ஏற வருடம் ஏன் ஓடுகிறது? கேள்வி பதில்

கே: ஐயா, ஐம்பதைத் தாண்டிவிட்டேன். போன பொங்கல் நேற்றுதான் வந்துபோன மாதிரி இருக்கிறது. ஏன்?

ப: இரண்டு கணக்குகளைக் குழப்பாதீர்கள். ‘நேரமே போகல’ என்பது கழியும் நேரம். அதை அளப்பது கவனம். ‘வருஷம் போனதே தெரியல’ என்பது கழிந்த நேரம். அதை அளப்பது நினைவு. பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மணி நேரம் அப்போது இழுக்கும், மறுவாரம் அதில் ஒன்றுமே மிஞ்சாது. புது ஊரில் சுற்றிய மூன்று நாள் நேர்மாறு. 2005இல் உளவியல் ஆய்வாளர்கள் விட்மனும் லென்ஹாஃபும் 14 முதல் 94 வயது வரை 499 பேரிடம், காலம் எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று கேட்டார்கள். போன வாரம், போன மாதம் பற்றிய பதிலில் வயதால் பெரிய வித்தியாசம் இல்லை. போன பத்து வருடத்தைக் கேட்டபோதுதான் மூத்தவர்கள் ‘வேகமாகப் போயிற்று’ என்றார்கள். அதுவும் சிறிய வித்தியாசமே.

கே: பத்து வயதில் ஒரு வருடம் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதில் ஐம்பதில் ஒரு பங்கு. இதுதானே காரணம்?

ப: 1877இல் பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ஜானே சொன்ன கணக்கு. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அதை எடுத்துச் சொல்லிவிட்டு, நினைவில் சேர்வதெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுவதே பெரும்பங்கு காரணம் என்றார்.

கே: ஆனால் கணக்கு சரியாகத்தானே வருகிறது?

ப: வரவில்லை. அந்த விகிதப்படி 60 வயதுக்காரருக்குப் போன வாரமும் 20 வயதுக்காரரைவிட மூன்று மடங்கு வேகமாகப் போயிருக்க வேண்டும். போகவில்லையே!

கே: அப்பாவுக்கு நேரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

ப: பார்க்கலாம். சுவர்க்கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். டிக் டிக் சத்தத்தோடு எண்ணிக்கை ஒட்டிக்கொள்ளும். ரேடியோவும் வேண்டாம், பாட்டின் தாளம் இழுத்துவிடும். ஸ்டாப்வாட்ச் உங்கள் கையில் இருக்கட்டும். கண்ணை மூடி மனதுக்குள் நொடிகளை எண்ணி, மூன்று நிமிடம் ஆனதும் ‘சரி’ என்று சொல்லச் சொல்லுங்கள். விடையை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அடுத்த முறை திருத்திக்கொள்வார். ஐந்து நாள், அதே வேளையில் செய்து சராசரி எடுங்கள். காய்ச்சல் நாளை விட்டுவிடுங்கள்: உடற்சூடு ஏறினால் எண்ணும் வேகமும் ஏறும் என்று 1933இலேயே அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஹோக்லண்ட் காட்டிவிட்டார்.

கே: அப்பா 3 நிமிடம் 40 நொடியில் ‘சரி’ என்றார். உள்ளே கடிகாரம் வேகமாக ஓடுகிறதா?

ப: மெதுவாக. அவர் மூன்று நிமிடம் எண்ணி முடிப்பதற்குள் வெளியே 40 நொடி கூடுதலாகப் போய்விட்டது. அதனால் வெளியுலகம் பறப்பதுபோல் இருக்கும். இதை வைத்து வருடம் ஓடுவதை விளக்கிவிடாதீர்கள். இது கழியும் நேரம், அது கழிந்த நேரம்.

கே: எனக்கு 42. அதற்குள் தீபாவளி வந்துவிட்டதே, ஏன்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: முப்பதிலேயே இப்படி இருக்கிறது, ஏன்?

ப: அதே பதில்தான்.

கே: வருடத்தை நீளமாக்க வழி உண்டா?

ப: நினைவில் நீளமாக்கலாம். இரவில் ஒரு வரி எழுதுங்கள்: இன்றைக்கு மட்டும் நடந்தது எது? ‘ஆபீஸ் போனேன்’ கணக்கில் வராது. ஒரு வாரம் எழுத ஒன்றுமில்லை என்றால் மறுவாரம் போகாத தெருவுக்குப் போங்கள், தெரியாத வேலையைத் தொடங்குங்கள். அந்த மணி நேரம் சட்டென்று போய்விடும், வருடம் மிஞ்சும்.

கே: அம்மாவுக்கு 72 வயது. இரண்டு நாளாகக் காலையா மாலையா என்றே தெரியாமல் கேட்கிறார். இதுவும் வயதுதானா?

ப: இல்லை. திடீரென வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, மருந்துக் கோளாறு என்று காரணங்கள் உண்டு. இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.