0 போட்டு அணைத்த வசதி ஏன் உள்ளே வருகிறது?

கேள்வி: ஐயா, நான் பாடாங் செராயில் இருக்கிறேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு ஈஎஸ்பி32 பலகையில் மழைமானிப் பெட்டிகள் செய்து கொடுக்கிறேன். சில பெட்டிகள் லோரா என்ற தொலைதூர ரேடியோ வழியாக அலுவலகத்துக்கு அளவை அனுப்பும். சிலவற்றில் எஸ்டி கார்டு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் ஒரே சி நிரல். அமைப்புக் கோப்பில் லோராவுக்கு 0 என்று போட்டாலும் லோரா நிரல் உள்ளே வந்துவிடுகிறது. அந்த வரியையே அழித்தால் வருவதில்லை. லோரா வேண்டிய பெட்டியிலோ ஒரு கோப்பில் மட்டும் அது சேர்வதில்லை. கம்பைலரும் ஒன்றும் சொல்வதில்லை. கடைசியாகச் செய்த பெட்டி அனுப்புவதாகக் காட்டுகிறது, ஆனால் அதைப் பெறும் அலுவலக கேட்வே கருவிக்கு எதுவும் வந்து சேரவில்லை. இந்த அமைப்புகளைச் சரியாகச் சோதிப்பது எப்படி?

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன மூன்று கோளாறில் பின்னால் வரும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சி மொழியின் ப்ரீப்ராசசருக்கு, அதாவது கம்பைலருக்கு முன்னால் ஓடி # வரிகளைப் பார்க்கும் பகுதிக்கு, ஒரு பெயர் தெரியவில்லை என்றால் அது நிற்காது, கேட்காது. "இல்லை" என்று தானே எடுத்துக்கொண்டு போய்விடும். மதிப்பைச் சோதிக்கும் வரியில் நீங்கள் வேண்டாம் என்று எழுதியதும், எழுத மறந்ததும், எழுத்துப் பிழையாக எழுதியதும் அதற்கு ஒன்றுதான். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், கிராணி (கணக்கர்) ஒரு பெயருக்கு நேராக வந்தார் என்றோ வரவில்லை என்றோ குறிக்க வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த ஆள் வரவில்லை என்று பொருளில்லை, கிராணி இன்னும் குறிக்கவில்லை என்றுதான் பொருள். உங்கள் நிரலிலும் அந்த வெறும் கட்டம் ஒரு பிழையாக வெளியே தெரிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

நிரலில் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுவதை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். குறிகள் மட்டும் அப்படியே இருக்கும்.

முதல் கோளாறு எளிது. உங்கள் அமைப்புக் கோப்பில்

#டிஃபைன் லோரா_வசதி 0

என்று இருக்கிறது. சோதிக்கும் இடத்தில்

#இஃப்டெஃப் லோரா_வசதி

என்று இருக்கும். இஃப்டெஃப் மதிப்பைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 0 என்று வரையறுத்தாலும் அது வரையறைதான், அதனால் உள்ளே விட்டுவிடும். நீங்கள் வரியை அழித்தபோது சரியானது இதனால்தான்.

அப்படியானால் #இஃப் லோரா_வசதி என்று மாற்றினால் போதுமே என்று தோன்றும். 0, 1 இரண்டையும் அது பிரித்துப் பார்க்கும், உண்மைதான். ஆனால் தெரியாத பெயரை #இஃப் என்ன செய்கிறது? அதை 0 என்று வைத்துக் கணக்குப் போடும். 1989ல் வந்த முதல் சி தரத்திலிருந்தே விதி இதுதான். லோரா_வசதி என்பதை லோரா_வசதீ என்று தட்டிவிட்டால் 0. அமைப்புக் கோப்பை இன்க்ளூட் செய்ய (அந்தக் கோப்புக்குள் சேர்க்க) மறந்தால் 0. மதிப்பாக ட்ரூ என்று எழுதியிருந்தால்கூட, அந்தக் கோப்பில் எஸ்டிடிபூல் தலைப்புக் கோப்பைச் சேர்க்காதவரை 0தான். சி23 தரத்தில்தான் இது மாறியது.

உங்கள் இரண்டாவது கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியாகக் கம்பைல் ஆகிறது. ஒரு கோப்பில் இன்க்ளூட் வரி விட்டுப்போயிருந்தால் அந்தக் கோப்பு மட்டும் லோரா இல்லாத உலகத்தில் இருக்கும், மற்றவை லோரா உள்ள உலகத்தில் இருக்கும். ஆர்டுயினோ சூழலில் வேலை செய்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். முதன்மை ஸ்கெட்ச் கோப்பின் தலையில் போட்ட #டிஃபைன், லைப்ரரியின் கோப்புகளுக்குப் போய்ச் சேராது. அது தனியாகக் கம்பைல் ஆகும் கோப்பு. உங்கள் ஸ்கெட்ச் அதன் கண்ணில் படாது. பலர் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது.

இதில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது வசதி சேராமல் போவதுகூட இல்லை. மழைப் பதிவுக்கான ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) ஒன்று வைத்து, அதற்குள் லோரா இருந்தால் மட்டும் ஒரு கூடுதல் புலம் என்று இஃப்டெஃப் போட்டிருந்தீர்கள் என்றால், ஒரு கோப்பு அந்தப் புலத்தோடு அளவை எழுதும், இன்னொரு கோப்பு அந்தப் புலம் இல்லாமல் படிக்கும். கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் இதைக் கண்டுபிடிக்காது. பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மில்லிமீட்டர் மட்டும் தப்பாக வரும். உரம் போடலாமா வேண்டாமா, பால்மரக் காடாக இருந்தால் இன்று பால் வெட்டு உண்டா இல்லையா என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நின்றுபோன பெட்டியை யாராவது கவனிப்பார்கள். தப்பான எண்ணைச் சொல்லும் பெட்டியை நம்பிவிடுவார்கள்.

சரி, என்ன செய்வது? ஜிசிசி கம்பைலரில் இதற்கென்று ஒரு எச்சரிக்கைச் சுவிட்ச் இருக்கிறது: சிறு கோடு, பெரிய டபிள்யூ, அதை ஒட்டி அண்டெஃப். #இஃப் வரியில் வரையறுக்கப்படாத பெயர் வந்தால் அது எச்சரிக்கும். அதையே பிழையாக்கி வேலையை நிறுத்தவும் செய்யலாம்: சிறு கோடு, பெரிய டபிள்யூ, அதை ஒட்டி எர்ரர், சமக்குறி, அண்டெஃப். இதை இன்றைக்கே போடுங்கள். மற்றவர்கள் எழுதிய லைப்ரரித் தலைப்புகளிலிருந்து எச்சரிக்கை கொட்டும்; அவற்றின் அடைவுகளைச் சிஸ்டம் அடைவு என்று ஐசிஸ்டம் சுவிட்சில் கொடுத்தால் ஜிசிசி அவற்றைப் பற்றிப் பேசாது. ஆனால் இந்தச் சுவிட்ச் #இஃப்டெஃப் வரிக்கு உதவாது. இஃப்டெஃப் கேட்பதே "வரையறை இருக்கிறதா" என்றுதான், அதனால் இல்லாத பெயர் அங்கே குற்றமாகாது. வசதிகளைச் சோதிக்க இஃப்டெஃப்பை விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. எந்தச் சுவிட்சையும் நம்பாமல், மொழியின் இலக்கணமே தப்பைப் பிடித்துக் கொடுக்கும்படி செய்வது. அமைப்புக் கோப்பில் இப்படி எழுதுங்கள்:

#டிஃபைன் மழை_உண்டு ==
#டிஃபைன் மழை_இல்லை !=
#டிஃபைன் இருக்கா(வசதி) (1 வசதி 1)

#டிஃபைன் லோரா_வசதி மழை_உண்டு
#டிஃபைன் கார்டு_வசதி மழை_இல்லை

சோதிக்கும் இடத்தில்:

#இஃப் இருக்கா(லோரா_வசதி)

முதல் பார்வைக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒப்பிடும் குறி இருக்கிறது. விரித்துப் பாருங்கள். லோரா_வசதி என்பது மழை_உண்டு ஆகி, அது == ஆகிறது; முழுவதும் (1 == 1), அதாவது உண்மை. கார்டு_வசதிக்கு (1 != 1), அதாவது பொய். பெயரைத் தப்பாகத் தட்டினால்? குறி எதுவும் கிடைக்காமல் (1 லோரா_வசதீ 1) என்று நிற்கும். இரண்டு எண்ணுக்கு நடுவில் ஒரு பெயர், இது செல்லாத கோவை. ஜிசிசி அந்தப் பெயரையே காட்டி, அதற்கு முன்னால் குறி காணோம் என்று பிழை சொல்லும். பழைய பழக்கத்தில் யாராவது 1 என்றோ 0 என்றோ போட்டாலும் (1 1 1) அல்லது (1 0 1) ஆகி நிற்கும். கட்டளை வரியில் பெரிய டி சுவிட்சோடு பெயரை மட்டும் கொடுத்தால் கம்பைலர் அதற்கு 1 என்று மதிப்பு வைக்கும்; அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அமைப்புக் கோப்பை இன்க்ளூட் செய்ய மறந்துவிட்டால் இருக்கா என்ற மேக்ரோவே (#டிஃபைன் வரையறையே) அந்தக் கோப்பில் இருக்காது. அப்போது #இஃப் வரியில் ஒரு தெரியாத பெயரும் அதன்பின் அடைப்புக்குறியும் நிற்கும். அதுவும் செல்லாத கோவைதான். உங்கள் இரண்டாவது கோளாறு, இந்த முறையில் எழுதியிருந்தால், முதல் கம்பைலிலேயே வெளியே வந்திருக்கும்.

பெயர்களுக்கு மழை_ போன்ற ஒரு முன்னொட்டு கட்டாயம் வையுங்கள். மேக்ரோவுக்கு எல்லை கிடையாது. குட்டிப் பெயராக இருந்தால் ஏதாவது லைப்ரரியோடு மோதும். இருக்கா என்ற பெயரையும் உங்கள் நிரலில் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். இருக்கா என்பதை வரையறுக்கும்போது அதற்குள் டிஃபைன்ட் என்ற சொல்லை வைக்கலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். மேக்ரோ விரிந்து அதிலிருந்து டிஃபைன்ட் வந்தால் விளைவு என்ன என்று தரம் உறுதி சொல்லவில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் மாறும்.

மூன்றாவது கோளாறுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நிரலில் அலைவரிசைப் பகுதிகளை ஈனமாக (ஆங்கிலத்தில் enum, எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) வைத்து, பிறகு

#இஃப் பகுதி == பகுதி_ஐரோப்பா

என்று தொடங்கி வரிசையாகச் சோதிக்கிறீர்கள். ஈனம் என்பது கம்பைலருக்குத் தெரிந்த விஷயம். ப்ரீப்ராசசர் ஓடும்போது அது இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இடப்பக்கம் 0, வலப்பக்கமும் 0, இரண்டும் சமம். நீங்கள் மலேசியா என்று எழுதியிருந்தாலும் வரிசையில் முதலில் நிற்கும் ஐரோப்பாதான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும். பெட்டி 868 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அலுவலக கேட்வே நம் நாட்டு லோரா அலைவரிசையான 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸுக்குள் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. எப்படிக் கேட்கும்? நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒதுக்காத அலைவரிசையில் அனுப்புவதும் கூடாது, அதனால் அந்தப் பெட்டியை முதலில் நிறுத்துங்கள்.

பகுதிகளை ஈனத்திலிருந்து எடுத்து மேக்ரோவாக்குங்கள், எண்ணை 1 முதல் தொடங்குங்கள்:

#டிஃபைன் பகுதி_ஐரோப்பா 1
#டிஃபைன் பகுதி_மலேசியா 2

0 யாருக்கும் சொந்தமில்லை என்றால், பகுதி வரையறுக்கப்படாதபோது அது எந்தக் கிளையிலும் நுழைய முடியாது. கிளைகளின் கடைசியில் #எல்ஸ், அதற்குள்

#எர்ரர் லோரா பகுதி தேர்ந்தெடுக்கப்படவில்லை

என்று வைத்துவிடுங்கள். கம்பைல் அங்கேயே நிற்கும், அந்த வாசகமும் திரையில் வரும். ஆனால் எண் வைத்த பெயரையே தப்பாகத் தட்டினால் இது காப்பாற்றாது; பகுதியும் பிழை, ஒப்பிடும் பெயரும் பிழை என்றால் மறுபடி 0க்கு 0 சமமாகும். அதற்கு மேலே சொன்ன அண்டெஃப் சுவிட்ச் வேண்டும். ஈனத்தையோ, ஒன்றின் பைட் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃபையோ சோதிக்க வேண்டிய இடங்களில் சி11ல் வந்த ஸ்டாடிக் அசர்ட்டைப் பயன்படுத்துங்கள். அதைப் பார்ப்பது கம்பைலர், அதனால் அதற்கு அவையெல்லாம் தெரியும். மழைப் பதிவு ஸ்ட்ரக்டின் அளவு இத்தனை பைட் என்று ஒரு வரி போட்டு வைப்பது நல்லது.

ஈஎஸ்பி32க்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் கருவித்தொகுப்பின் மெனுகான்ஃபிக் அமைப்புத் திரை வழியாக வரும் அமைப்புகளை இந்த முறைக்கு நேரடியாக மாற்ற முடியாது. அங்கே ஒரு வசதியை அணைத்தால் அந்தப் பெயரே உருவாகாது. லினக்ஸ் கெர்னலிலும் இப்படித்தான். அங்கே ஐஎஸ்_எனேபிள்ட் என்ற மேக்ரோ, இல்லாத பெயரை 0 ஆக்கித் தருகிறது. பெயர்களை ஒரு கருவி உருவாக்குவதால் அவர்களுக்கு அது சரிப்படுகிறது. நீங்கள் அவற்றை உங்கள் அமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் இஃப்டெஃப்பால் பிடித்து, மழை_உண்டு, மழை_இல்லை என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற எந்தக் கோப்பிலும் மெனுகான்ஃபிக் பெயர் நேரடியாக வரக்கூடாது. நிரலைக் கட்டும் சிமேக் கருவியைப் பயன்படுத்தினால், அணைத்த வசதிக்கும் 0 என்று எழுதித் தரும் சிமேக்டிஃபைன்01 அதில் இருக்கிறது. அதோடு அண்டெஃப் சுவிட்சும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும்.

இன்னொன்று. இருக்கா(லோரா_வசதி) வெறும் சி கோவைதான், அதனால் சாதாரண இஃப் வரியிலும் அது வேலை செய்யும். முடிந்த இடத்திலெல்லாம் அப்படியே எழுதுங்கள். வசதி அணைந்திருந்தாலும் கம்பைலர் அந்தக் கிளையைப் படித்துப் பார்க்கும், பிழை இருந்தால் சொல்லும், பிறகு தேவையில்லை என்று அதைக் கழித்துவிடும். #இஃப்பால் வெட்டிய பகுதியையோ அது படிப்பதே இல்லை. அதற்குள் தப்பான பெயர் இருந்தாலும் அந்த வசதியைத் திறக்கும் நாள் வரைக்கும் தெரியாது. லைப்ரரி தலைப்பை இன்க்ளூட் செய்யும் இடம், ஸ்ட்ரக்டின் புலங்கள் போன்றவற்றுக்கு #இஃப் இல்லாமல் முடியாது. அதனால் எல்லாச் சேர்க்கையையும் கம்பைல் செய்து பாருங்கள். லோரா, கார்டு என்று இரண்டு வசதிக்கு நான்கு சேர்க்கை. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மூன்றாவது வசதி வந்தால் எட்டாகும், அதையும் கணினிதான் செய்யப்போகிறது.

மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் மேக் கருவிக்கான கோப்பு வைத்திருந்தால் கவனம்: கட்டளை வரியில் டி சுவிட்சை மாற்றினால் மேக்குக்கு அது தெரியாது. அது கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கும். முன்பு கம்பைல் ஆன பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் அப்படியே லிங்க் ஆகிவிடும். எதையும் டி சுவிட்சில் வைக்காமல் அமைப்புக் கோப்பிலேயே வையுங்கள். அந்தத் தலைப்புக் கோப்பைச் சார்புப் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

எந்தக் கோப்புக்கு எது தெரிகிறது என்று சந்தேகம் வந்தால், ஜிசிசிக்குப் பெரிய ஈ சுவிட்சும், டிஎம் சுவிட்சும் (சிறிய டி, பெரிய எம்) சேர்த்துக் கொடுத்து அந்தக் கோப்பை ஓட்டுங்கள். கடைசி வரியை எட்டும்போது அந்தக் கோப்புக்குத் தெரிந்த மேக்ரோ எல்லாம் பட்டியலாக வரும். உங்கள் இரண்டாவது கோளாறு உள்ள கோப்பில் இதை ஓட்டி லோரா_வசதியைத் தேடுங்கள், இருக்காது.

அப்புறம், பெட்டி மின்சாரம் ஏற்றதும் சீரியல் வழியாகத் தன் அமைப்பைத் தானே சொல்லட்டும்: லோரா உண்டா, கார்டு உண்டா, எந்தப் பகுதி, எந்தத் தேதியில் கம்பைல் ஆனது. இருக்கா(லோரா_வசதி) ? "உண்டு" : "இல்லை" என்று எழுதினாலே வந்துவிடும். தேதிக்கு மொழியே தரும் டேட் மேக்ரோ இருக்கிறது, ஆனால் அது சொல்வது அந்த ஒரு கோப்பு கம்பைல் ஆன தேதியைத்தான். தோட்டத்துக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு ஏற்றும்போது மட்டும் பழைய ஆப்ஜெக்ட்டுகளை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி கட்டுங்கள். அப்போதுதான் அந்தத் தேதியை நம்பலாம்.