சின்ன விடுதிக்கும் ரிமோட் கோட் எக்ஸிகியூஷன் ஓட்டை ஆபத்தா? அப்டேட் செய்தால் போதுமா?

கேள்வி: பாசிக்குடாவில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம். வைஃபை, சுவிட்ச், கமரா எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் மேனேஜ்மென்ட் மென்பொருளில் பார்க்கிறோம். அதில் ரிமோட் கோட் எக்ஸிகியூஷன் ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அறிவித்தல் வந்திருக்கிறது. எங்களைப் போன்ற இடத்தை யார் தாக்கப்போகிறார்கள்? அப்டேட் செய்தால் போதும்தானே?

பதில்:

முதல் கேள்விக்கு: உங்களுக்கும் ஆபத்துத்தான். இரண்டாவதற்கு: போதாது. அப்டேட்டை இன்றைக்கே செய்யுங்கள். ஆனால் அதற்கும் முதல், அந்த மென்பொருளின் லொகின் பக்கம் இணையத்தில் எவர் வேண்டுமானாலும் திறக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை மூடுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

மட்டக்களப்பு ரவுணிலிருந்து பொத்துவில் வரை விடுதிகள், கடைகள், டியூட்டரிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். "வேலை செய்யுற சாமான ஏன் தம்பி கிண்டுறீங்க?" என்று கேட்காத முதலாளி குறைவு. அவர்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆறுகம்பே சீசன் நடக்கும்போது வைஃபை ஒரு நாள் நின்றாலும் வந்திருக்கிற ஆட்கள் நட்சத்திரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் அப்டேட் தள்ளிப்போகும். தள்ளிப்போவது வழமை என்று தெரிந்தபடியால்தான், அது தள்ளிப்போனாலும் தப்பிக்கிற மாதிரி அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

"யார் தாக்கப்போகிறார்கள்" என்பதற்கு வருகிறேன். பாசிக்குடா எங்கே இருக்கிறது என்று தாக்குகிறவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இணையத்தில் சாதனங்களை அடையாளம் காட்டுகிற ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'இஸட்மேப்' என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பில், அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை (ஒரு சேவைக்கென்று இருக்கிற எண்ணிட்ட வாசலை) 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஓட்டை பற்றிய செய்தி வெளிவந்ததும் இந்த மாதிரிக் கருவிகளை ஓடவிடுவார்கள். பதில் சொல்கிற முகவரிகள் பட்டியலாக வரும், அந்தப் பட்டியல் முழுவதிலும் தாக்குதல் தானாக நடக்கும். அதில் கொழும்பு வங்கியும் ஒரு வரி, உங்கள் விடுதியும் ஒரு வரி.

ரிமோட் கோட் எக்ஸிகியூஷன் என்றால், வெளியிலிருக்கிற ஒருவர் உங்கள் கணினியில் தான் விரும்பிய கட்டளையை ஓட வைக்கிறார் என்று அர்த்தம். மிக மோசமான வகையில் கடவுச்சொல்கூடத் தேவைப்படாது. அது ஒரு சாதாரண இணையத்தளத்தில் நடந்தால் அந்தத் தளத்தோடு போகலாம். நெட்வொர்க் மேனேஜ்மென்ட் மென்பொருளில் நடந்தால் கதை வேறு. உங்கள் ரவுட்டர், சுவிட்ச், அக்சஸ் பொயின்ட் எல்லாவற்றினதும் கடவுச்சொற்கள் அதற்குள்தான் கிடக்கின்றன. எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் அதற்குள்தான். எல்லாச் சாதனமும் அதன் சொல்லைக் கேட்கும், அதற்காகத்தானே அதை வாங்கினோம்.

இப்படி ஒரு ஓட்டை எப்படி உண்டாகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் 'காக்டை'. 2001இலிருந்து இருக்கிற இலவச மென்பொருள். சாதனங்களின் நிலையை விசாரிக்கிற எஸ்என்எம்பி என்ற முறை மூலம் அவற்றிடம் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் விபரம் கேட்டு, எவ்வளவு டேட்டா போகிறது, எது நின்றுபோனது என்று கிராஃப் வரையும். இணைய சேவை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் பாவிக்கிற சாமான். 2022 டிசம்பரில் அதில் ஒரு ஓட்டை வெளிவந்தது. ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் இலக்கம் சிவிஇ-2022-46169, ஆபத்து மதிப்பு 10க்கு 9.8.

பெரிய நெட்வொர்க்கில் காக்டை தனியே எல்லாவற்றையும் கேட்காது. வேறு இடங்களில் துணைச் சேர்வர்கள் இருக்கும், அவை பிரதான சேர்வரோடு கதைப்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக்கு லொகின் கிடையாது. கேட்கிறவரின் முகவரி நம்முடைய சேர்வர்களில் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். பிழை அங்கேதான். முகவரியை உண்மையான இணைப்பிலிருந்து மட்டும் எடுக்காமல், கோரிக்கையோடு வருகிற ஒரு ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) எழுதியிருப்பதையும் நம்பியது. அந்த ஹெடரை அனுப்புகிறவரே எழுதலாம். வாசலில் நிற்கிற அந்நியனிடம் "யார்?" என்று கேட்க, அவன் "நான் இந்த வீட்டு ஆள்தான்" என்று சொல்ல, அந்தச் சொல்லை நம்பிக் கதவு திறந்த மாதிரி. பிரதான சேர்வரின் பெயர் எப்போதும் அந்தப் பட்டியலில் இருக்கும் என்பதால், அதன் முகவரியையே ஹெடரில் எழுதினால் போதுமாக இருந்தது.

உள்ளே வந்த பிறகு இரண்டாவது பிழை. துணைச் சேர்வரின் இலக்கம் என்று ஒரு எண்ணை அந்தப் பக்கம் எதிர்பார்த்தது. வந்தது எண்தானா என்று சரிபார்க்காமல், அதை அப்படியே சேர்வரின் இயங்குதளத்துக்குப் போகிற ஒரு ஷெல் கட்டளைக்குள் சேர்த்தது. எண்ணுக்குப் பதிலாக ஒரு அரைப்புள்ளியும் அதன் பின்னால் தன் கட்டளையும் எழுதி அனுப்பினால், சேர்வர் அந்தக் கட்டளையை ஓட்டும். ஒரேயொரு நிபந்தனை, குறிப்பிட்ட ஒரு வகை 'டேட்டா சோர்ஸ்' (விபரம் எடுக்கிற அமைப்பு) அந்தக் காக்டையில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். சாதனம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காட்டுகிற வழமையான டெம்பிளேட்டைச் சேர்த்திருந்தாலே அது வந்துவிடும். இரண்டு பிழையும் தனித்தனியே பார்த்தால் சின்னவை. சேர்ந்ததால்தான் 9.8.

1.2.23 பதிப்பில் திருத்தம் வந்தது. ஆனால் விபரம் வெளியாகி ஒரு மாதம் ஆவதற்குள், 2023 ஜனவரி தொடக்கத்திலேயே, தாக்குதல்கள் பதிவாகத் தொடங்கிவிட்டன. மிராய் வகைப் பொட்நெட் (பிடிபட்ட சாதனங்களைக் கூட்டமாக ஏவுகிற வலையமைப்பு) ஒன்று அந்தச் சேர்வர்களைப் பிடித்து வேறு ஆட்களைத் தாக்கப் பாவித்தது. "எங்களிடம் என்ன இருக்கிறது எடுக்க?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கணினியும் அதன் இணைப்புமே அவர்களுக்குப் போதும்.

வைஃபை கொன்ட்ரோலர் (அக்சஸ் பொயின்ட்களை நிர்வகிக்கிற மென்பொருள்) வைத்திருக்கிற உங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம், 2021 டிசம்பரில் வெளிவந்த லொக்4ஷெல். பதிவேடு எழுதுகிற லொக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் (பல மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்கிற ஆயத்தக் கோட்டில்) இருந்த ஓட்டை அது. ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதிய சொற்றொடரைப் பதிவேட்டில் எழுதப் போனால், அதை வெறும் எழுத்தாக எடுக்காமல் அதில் சொல்லியிருக்கிற வெளி முகவரிக்குப் போய்க் கோட் எடுத்து வந்து ஓட்டும். யுனிஃபை என்ற வைஃபை சாதன வகையின் கொன்ட்ரோலருக்குள்ளும் அந்த நூலகம் இருந்தது. லொகின் செய்யும்போது அனுப்பப்படுகிற ஒரு புலத்தில் அந்தச் சொற்றொடரைப் போட்டாலே வேலை முடிந்தது, லொகின் வெற்றிபெறத் தேவையில்லை. 6.5.54 பதிப்பில் உடனடியாகத் திருத்தம் கொடுத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, கடவுச்சொல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. லொகின் பக்கத்தை எட்டக்கூடியவர் எவரோ, அவர் உள்ளே.

சரி, திருத்தம் வந்த அன்றே போடுகிற ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கும் பாதுகாப்பு இல்லாத காலம் ஒன்று உண்டு. 2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. கசேயா நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற தொலைநிர்வாக மென்பொருள் வழியாகக் கப்பம் கேட்கிற ரான்சம்வெயார் பரவியது. நெதர்லாந்தின் டிஐவிடி என்ற தன்னார்வக் குழு ஏப்ரலிலேயே அந்த ஓட்டைகளைக் கண்டு நிறுவனத்துக்கு அறிவித்திருந்தது. திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. முடிவதற்குள் தாக்குதல்காரர் முந்திவிட்டார்கள். நேரடியாகப் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் (பெரும்பாலும் பிறருடைய கணினிகளைப் பராமரிக்கிற நிறுவனங்கள்) 60க்கும் குறைவு, ஆனால் அவர்கள் பராமரித்த சின்ன வியாபாரங்கள் என்று பார்த்தால் 1,500 வரை. சுவீடனில் கூப் சுப்பர்மார்க்கெட் காசு இயந்திரங்கள் வேலை செய்யாமல் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடியது. அந்த வெள்ளிக்கிழமை போடுவதற்கு அப்டேட் ஒன்றும் இருக்கவில்லை. யாருடைய சேர்வர் இணையத்திலிருந்து எட்டாத இடத்தில் இருந்ததோ அவர் தப்பினார்.

எங்கள் பக்கம் இந்த லொகின் பக்கங்கள் ஏன் திறந்து கிடக்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் சில. முதலாளி கட்டாரிலோ லண்டனிலோ இருப்பார், கமராவை அங்கிருந்து பார்க்க வேண்டும் என்பார். பொருத்தினவர் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வேர்ட் (வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே இருக்கிற சாதனத்துக்கு அனுப்புகிற வழி) போட்டுவிட்டுப் போவார். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, விடுதியில் இருந்த கொன்ட்ரோலரை வெளிநாட்டுக் கிளவுட் சேர்வருக்கு மாற்றினவர்களையும் தெரியும். மாற்றியது சரியான முடிவு. ஆனால் அங்கே ஃபயர்வோல் போடாமல் எல்லாப் போர்ட்டையும் திறந்து விட்டால் நிலைமை முந்தியதை விட மோசம். சில கமரா டிவிஆர் பெட்டிகள் யுபிஎன்பி என்ற தானியங்கி வசதி மூலம் ரவுட்டரிடம் தாங்களே கேட்டுப் போர்ட் திறந்துகொள்ளும், யாருக்கும் சொல்லாது. ரவுட்டரில் யுபிஎன்பியை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் இடத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: கைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் உங்கள் விடுதியின் பொது முகவரியையும் கொன்ட்ரோலரின் போர்ட் எண்ணையும் அடித்துப் பாருங்கள். லொகின் பக்கம் வந்தால் உலகம் முழுவதற்கும் வருகிறது. உங்கள் சொந்த முகவரியில் மட்டும் செய்யுங்கள். பக்கத்து ஹொட்டேலின் முகவரியில் விளையாட்டுக்குக்கூட வேண்டாம், அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம்.

பக்கம் வந்தால் போர்ட் ஃபோர்வேர்டை எடுத்துவிட்டு விபிஎன் (அனுமதித்தவர் மட்டும் உள்ளே வரக்கூடிய மறைகுறியாக்கிய வழி) போடுங்கள். வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் இலவசம். முதலாளியின் கைபேசியிலும் உங்கள் கைபேசியிலும் ஒருதரம் அமைத்தால், கட்டாரில் இருந்தும் விடுதிக்குள் இருக்கிற மாதிரியே பார்க்கலாம். 4ஜி ரவுட்டரில் தனிப் பொது முகவரி கிடைக்காத இடங்களில், கிளவுட் சேர்வரை நடுவில் வைத்து இரண்டு பக்கத்தையும் அதனுடன் விபிஎன்னில் இணைக்கலாம். கொன்ட்ரோலரே கிளவுட்டில் இருக்கிறதென்றால், சாதனங்கள் வந்து கதைக்கிற போர்ட்டையும் நிர்வாகப் பக்கத்தின் போர்ட்டையும் பிரித்துப் பாருங்கள். யுனிஃபையில் முன்னிருப்பாக அவை 8080, 8443. இரண்டாவதை விபிஎன் வழியாக வருகிறவருக்கு மட்டும் விடுங்கள்.

விடுதிக்காரர் என்பதால் இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆபத்து வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. விருந்தினர் வைஃபையில் இணைகிற ஒருவர் அறையில் இருந்துகொண்டே உங்கள் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறக்க முடியுமானால், இணையத்திலிருந்து வருகிற வழியை மூடியும் பயனில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய மடிக்கணினியில் வைரஸ் இருக்கலாம். விருந்தினருக்குத் தனி விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கிற தனி நெட்வொர்க்), நிர்வாகத்துக்குத் தனி விலான், கமராவுக்குத் தனி விலான். அதிகச் செலவில்லாத சுவிட்ச்களிலும் இது முடியும். ரிசெப்ஷன் கணினியில் விருந்தினரின் பாஸ்போர்ட் பிரதிகள் கிடக்கின்றன. நம்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றை விருந்தினர் வைஃபைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனம் பதறுகிறது.

கடைசியாக, உங்கள் பக்கம் இவ்வளவு காலமும் திறந்து கிடந்திருந்தால், அப்டேட் செய்ததோடு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அப்டேட் இனி வருகிறவரைத்தான் தடுக்கும். ஏற்கனவே வந்து உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. நீங்கள் உருவாக்காத அட்மின் கணக்கு இருக்கிறதா, லினக்ஸ் சேர்வரானால் க்ரொன் பட்டியலிலும் (நேரம் குறித்துத் தானாக ஓடுகிற வேலைகள்) எஸ்எஸ்எச் சாவிகளிலும் (தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் நுழைகிற சாவிகள்) தெரியாத வரிகள் இருக்கின்றனவா, சேர்வர் காரணமில்லாமல் வெளியே எங்காவது கதைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் துப்புரவாக்கப் பார்க்க வேண்டாம். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டு, பழைய பெக்கப்பிலிருந்து அமைப்புகளை மட்டும் மீட்டெடுங்கள். பெக்கப்போடு அட்மின் கணக்குகளும் சேர்ந்து வரும், அவற்றையும் ஒருதரம் பாருங்கள். பிறகு அந்த மென்பொருள் அறிந்திருந்த எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்: ரவுட்டர், சுவிட்ச், கமரா, வைஃபை, விபிஎன். எஸ்என்எம்பியில் கடவுச்சொல் மாதிரிப் பாவிக்கிற இடத்தில் இன்னும் முன்னிருப்பான 'பப்ளிக்' என்ற சொல்லே இருக்கிறதென்றால் அதையும். சாதனம் ஏற்றுக்கொள்ளுமென்றால் எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள், முந்திய இரண்டிலும் அந்தச் சொல் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும்.

எவரோ உள்ளே வந்திருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், எதையும் அழிக்க முதல் லொக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவியுங்கள். உங்கள் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு, சேர்வர் விடுதியிலா கிளவுட்டிலா என்று கீழே எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்வேன். ஐபி முகவரியை மட்டும் இங்கே பொதுவில் போடாதீர்கள்.