காய்ந்த புல்லை விடுங்கள், மரத்தடியை நனையுங்கள்

கேள்வி: பினாங்கு, சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மூலை வீடு வாங்கி, போன ஏப்ரலில் குடிவந்தோம். பக்கவாட்டில் 8 மீட்டருக்கு 5 மீட்டர் புல்தரை இருக்கிறது. மூன்று வயது மாமரம், கறிவேப்பிலை, மல்லிகை, செம்பருத்தி, அப்புறம் பத்துப் பன்னிரண்டு பூச்சட்டிகள். டிசம்பர் கடைசியில் குடியிருப்பாளர் சங்கம் வாட்ஸ்ஆப்பில் ஓர் அறிவிப்பு அனுப்பியது. மார்ச் முடியும்வரை ரப்பர் குழாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கக்கூடாது. வீட்டு முகப்பு பச்சையாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். சாலையோரம் வைத்திருக்கும் சட்டிகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 50 ரிங்கிட் அபராதம். எங்கள் வாசலுக்கு எதிரே சாலையோரம் நிற்கும் அங்சானா மரம் இலை கொட்டிக் குப்பையாக்குகிறது என்று அதை வெட்டவும் முடிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் அடிக்காமல் புல்லைப் பச்சையாக வைப்பது எப்படி? இதில் எதைக் கேட்பது, எதை விடுவது?
– வாசகி, செபராங் பிறை

பதில்: சகோதரி, உங்கள் சங்கம் சொல்வதில் முதல் இரண்டும் ஒன்றாக நடக்காது. குழாயில் அடிக்காதீர்கள் என்பது நல்ல யோசனை. முகப்பு பச்சையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் மார்ச் வரை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். புல் மஞ்சளாகட்டும். இருக்கிற தண்ணீரை மரத்துக்கும் செடிக்கும் கொடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வட்டாரத்தில் தோட்டம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தை மாதத்தில் புல்லைக் காப்பாற்றப் போய் மரத்தை இழந்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இங்கே எதற்கு வறட்சி என்று கேட்பவர்கள் உண்டு. கோலாலம்பூரிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு அது முதல் ஆண்டு நம்பவே முடியாத விஷயம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரம் குறைந்து போகிறது. அதனால்தான் அங்கே வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றும் காய்கின்றன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நமக்கு நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில். தோட்டத்துக்கு ஆண்டு தொடங்குவது அப்போதுதான்.

தண்ணீரும் அதே நேரத்தில்தான் குறைகிறது. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவிலிருந்து இறங்குவது. அங்கே மழை இல்லாவிட்டால் இங்கே நம் குழாய்க்கும் நெருக்கடி. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக 10ஆம் தேதியிலிருந்து 14 வரை தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, வாளி வாளியாகப் பிடித்து வைத்த அனுபவம் இங்கே எல்லா வீட்டுக்கும் உண்டு. உங்கள் சங்கத்துக்கும் அந்த ஞாபகம் இருக்கும். குழாய் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, புல்லுக்கு வருவோம். உங்கள் புல்தரை 40 சதுர மீட்டர். நம் வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஈரம் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் போய்விடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். அதாவது புல்லை முழுப் பச்சையாக வைத்திருக்க நாளுக்கு 200 லிட்டர், வாரத்துக்கு 1,400 லிட்டர் வேண்டும். குழாயில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க 10 லிட்டர் வாளியைப் பிடித்து மணி பாருங்கள். 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். சாயங்காலம் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தால் 450 லிட்டர் போய்விடும். அதிலும் பாதித் தண்ணீர் மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு ஆவியாகிவிடும்.

இதற்கு நேர் எதிராக, மூன்று வயது மாமரத்துக்கு வாரம் ஒரு தடவை 40 லிட்டர் போதும்.

மஞ்சளான புல் செத்த புல் இல்லை. இதைத்தான் உங்கள் சங்கத்துக்குப் புரியவைக்க வேண்டும். உங்களுடையது பிலிப்பைன் புல்லா, மாட்டுப்புல்லா என்று எழுதவில்லை. ஊசி மாதிரி மெல்லிய, அடர்ந்த இலை என்றால் பிலிப்பைன் புல். அது வெயிலைத் தாங்கும். மேலே காய்ந்து, அடியில் தூங்கும். அகன்ற இலை என்றால் மாட்டுப்புல். கடையில் முத்துப்புல் என்று விற்பதும் அதே இனத்தின் குட்டை வகைதான். அதன் வேர் ஆழம் போகாது, நிழலும் ஈரமும் கேட்கும், அதனால் சீக்கிரம் பழுப்பாகும். எதுவாக இருந்தாலும் ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். தரையோடு ஓடும் தண்டு கெட்டியாக, உள்ளே வெள்ளையோ இளம்பச்சையோ இருந்தால் உயிர் இருக்கிறது. அந்தத் தண்டு பிழைத்துக் கிடக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நனைப்பு போதும், அதுவும் மழையே வராவிட்டால். இந்த மூன்று மாதமும் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். மூன்று விரல் உயரம் இருக்கட்டும், அதன் நிழலே மண்ணைக் காப்பாற்றும். புல்மேல் காரை ஏற்றவும் வேண்டாம்.

உங்கள் மாமரத்துக்கு இந்த வெயில் தேவையானது. மா பூக்கவே மண் கொஞ்ச நாள் காய வேண்டும். பெர்லிஸில் ஹருமானிஸ் மாம்பழம் அவ்வளவு நன்றாக வருவதற்கு அங்கே தெளிவாக வரும் வறண்ட மாதங்கள் ஒரு காரணம். பூ வருவதற்கு முன்னால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மரம் தளிர்விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். பூ பிடித்துப் பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும்தான் நான் சொன்ன அந்த 40 லிட்டர். அடிமரத்தில் ஊற்றாதீர்கள். கிளைகளின் நுனிக்கு நேர் கீழே தரையில் வட்டமாக ஒரு ஆழமில்லாத பாத்தி கட்டி அதில் விடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் வேர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. காகிதப்பூவும் இப்படித்தான், வாடுகிற மாதிரி இருக்கும்போதுதான் பூத்துத் தள்ளும். சட்டிகளில் அது இருந்தால் விட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் வாரம் இரண்டு தடவை, காலை எட்டு மணிக்குள், ஒரு வாளி. செம்பருத்தி கொஞ்சம் அதிகம் கேட்கும். வறட்சியில் அதன் நுனியில் மாவுப்பூச்சி வந்து பஞ்சு போல அப்பிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, வெயில் தாழ்ந்தபின் துணியால் துடைத்துவிடுங்கள். உரம் இப்போது எதற்கும் வேண்டாம். ஈரமில்லாத மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும்.

ஒரு விஷயத்தை நான் எல்லாரிடமும் சொல்வேன். பொங்கலுக்கு மண்பானை கடைக்கு வரும்போது, மெருகு பூசாத சின்னப் பானை இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கல் வைத்த பானை வேண்டாம், பாலும் கஞ்சியும் துளைகளை அடைத்திருக்கும். புதுப்பானையைச் செடிக்கு ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டால் இறுக மூடுங்கள். தண்ணீர் பானையின் உடம்பு வழியாக மெதுவாகக் கசிந்து வேரை நனைக்கும், மேல் மண் காய்ந்தே இருக்கும், களையும் முளைக்காது. வெளியூர் போனாலும் சில நாள் தாங்கும். நம் கிராமத்துக்காரர்களுக்குத் தெரிந்த முறை இது. மல்லிகைக்கு இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது.

தண்ணீருக்கு அடுக்களையைப் பாருங்கள். அரிசி களைந்தது, காய்கறி கழுவியது, குளிர்சாதனக் குழாயில் இரவு முழுக்கச் சொட்டுவது, மூன்றும் செடிக்கு நல்லவை. சலவை இயந்திரத்தின் சோப்புத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் உப்பு சேர்ந்து மண்ணைக் கெட்டியாக்கிவிடும். இந்த மாதங்களிலும் ஒன்றிரண்டு தடவை சாயங்காலத்தில் ஒரு கனமழை வரும். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். கூரைக் குழாயின் கீழ் ஒரு 200 லிட்டர் பீப்பாய் வைத்தாலே உங்கள் மரம் செடி எல்லாவற்றுக்கும் ஒரு வாரத் தண்ணீர். பீப்பாயின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். கொசு வளரவிட்டால் வரும் அபராதம் சங்கம் போடுவதில்லை, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறை போடுவது.

இனி அங்சானா. நம் ஊர் வேங்கையின் நெருங்கிய உறவு அது. வறண்ட மாதத்தில் இலையைக் கொட்டுவது அதன் இயல்பு, அப்புறம் மஞ்சள் பூவாகச் சொரியும். அந்த இலையைத்தான் நான் உங்களைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன். நம் பக்கத் தாமான்கள் பலவும் செம்மண் லோரியில் கொண்டுவந்து கொட்டி மேடாக்கிய நிலம். வெயிலில் அது ஓடு மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் சாக்கடைக்கு ஓடும். நான்கு விரல் கனத்துக்கு உலர்ந்த இலையைப் போர்த்தினால் அந்த ஓடு இளகும், நீங்கள் ஊற்றும் தண்ணீர் பாதியாகும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடம் விடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளிப் போடுங்கள், கரையான் வரும். கெடா நெல்லாலைகளின் கருக்கிய உமி நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும், சட்டி மண்ணில் அதைக் கலக்கலாம். இலையைக் கூட்டிக் கொளுத்துவது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். சங்கம் கூட்டுப்பணி நாளில் அதைச் செய்தால் தயவுசெய்து தடுங்கள்.

மரத்தை வெட்டும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்கு இல்லை. சாலையோர நிலமும் அதிலுள்ள மரமும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. கிளை மின்கம்பியைத் தொட்டாலோ வேர் சாக்கடையைத் தூக்கினாலோ செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் புகார் கொடுத்தால் அவர்கள் வந்து பார்ப்பார்கள். சொந்த நிலத்து மரமாக இருந்தாலும், அடிமரச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எழுத்துமூல அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. நூல் ஒன்றைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

அந்த 50 ரிங்கிட்டும் அப்படித்தான். அடுக்குமாடி, அல்லது பொது நிலத்தோடு கூடிய வேலியிட்ட வளாகம் என்றால், 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின்கீழ் நிர்வாகக் குழு விதி வகுத்து 200 ரிங்கிட் வரை அபராதம் போட முடியும். தனிப் பட்டா உள்ள சாதாரணத் தாமானில் சங்கம் என்பது சங்கச் சட்டத்தின்கீழ் பதிவான ஓர் அமைப்பு. கேட்டுக்கொள்ளலாம், சண்டை தீர்க்கலாம், உங்களிடம் அபராதம் வசூலிக்க முடியாது. ஆனால் சட்டிகளை நீங்கள் உள்ளே எடுத்துவிடுங்கள். அந்த இடம் மன்றத்துடையது, மன்றம் அள்ளிக்கொண்டு போனால் கேட்க முடியாது. அதோடு சட்டிகளைச் சுவரோர நிழலில் நெருக்கமாகக் கூட்டி வைத்தால் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்.

சங்கத்தோடு முறைத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், நாளைக்குத் தண்ணீர் நின்றால் பீப்பாய் கொடுப்பவர் பக்கத்து வீட்டு அண்ணன்தான். கூட்டத்தில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்: "ஜனவரி முதல் மார்ச் வரை புல் காய்ந்திருக்கலாம், குப்பையும் தேங்கிய தண்ணீரும் இருக்கக்கூடாது." அங்சானா இலையைச் சாக்குகளில் சேர்த்து, வேண்டிய வீடுகளுக்குக் கொடுப்போம் என்றும் சொல்லிப் பாருங்கள். மரத்தின்மேல் இருக்கும் கோபம் பாதி அங்கேயே தணியும். இதையே அடுத்த அறிவிப்பில் அக்டோபரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இலை போர்த்துவது, பாத்தி கட்டுவது, பீப்பாய் வைப்பது எல்லாம் மழை இருக்கும்போது செய்யவேண்டிய வேலைகள். டிசம்பர் கடைசியில் சொன்னால் பாதிப் பேருக்குக் கைமீறிப் போயிருக்கும்.

ஏப்ரலில் மழை திரும்பும். முதல் நல்ல மழைக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள். பச்சை வராத இடங்களில் மட்டும், பிழைத்த பக்கத்திலிருந்து ஓடுதண்டைக் கிள்ளி ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிடுங்கள். புதுப்புல் வாங்க வேண்டியிருக்காது.