டியூப் வழியே போவதும் சாப்பாடுதான்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வார்டில் இருப்பவர்களின் வீட்டாரிடமிருந்து வந்தவை. அவற்றுக்கே இடம் சரியாகப் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அப்பாவுக்கு வாய் கேன்சர் ஆபரேஷன் முடிந்தது. என்ன சாப்பாடு, எவ்வளவு கொடுக்கலாம்? உடனே பதில் வேண்டும். (சேலம்)

எடை எவ்வளவு? ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு இருந்தார்? மூக்கில் டியூப்பா, வாய் வழியாகவா? சர்க்கரை உண்டா, கிட்னி எப்படி? ஒன்றுகூட எழுதவில்லை. அளவுச் சட்டை தராமல் சட்டை தைத்துக் கேட்டால் தையல்காரர் என்ன செய்வார்? பொதுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,800 கலோரி, 70 முதல் 90 கிராம் புரதம். கிட்னி பாதிப்பு இருந்தால் புரதக் கணக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் அதை இன்றே வார்டில் சொல்லுங்கள். முதலில் எடை பாருங்கள்.

அம்மாவுக்கு ரைல்ஸ் டியூப்பில் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், இளநீர் என்று மாற்றி மாற்றித் தருகிறோம். ஒருவேளைகூடத் தவறியதில்லை. ஆனாலும் உடம்பு வற்றிக்கொண்டே போகிறது, தையலும் ஆறவில்லை. ஏன்? (திருவாரூர்)

உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. ராத்திரி தூங்காமல் கவனிக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டியூப்பில் இறங்குகிற பதத்தில் 200 மில்லி அரிசிக் கஞ்சி என்றால் அதில் 20 கிராம் அரிசி இருக்கும். 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். பத்து டம்ளர் கொடுத்தாலும் 700 கலோரி, 15 கிராம் புரதம்தான். இளநீர் 100 மில்லியில் 20 கலோரி, புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். புண் ஆற வேண்டிய உடம்புக்குத் தேவையானதில் பாதிகூட உள்ளே போகவில்லை. உடம்பு தன் சதையையே கரைத்துத்தான் தையலை ஆற்றப் பார்க்கும்.

பருப்புத் தண்ணீர் விஷயம் எனக்குத் தீராத ஆதங்கம். பல வருடங்களுக்கு முன் ஒரு வார்டில் ஓர் அம்மா வெந்த பருப்பை வெள்ளைத் துணியில் கட்டி, பிழிந்து, மஞ்சள் நீரை டம்ளரில் பிடித்தார். துணியில் உருண்டையாக நின்ற பருப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதுதான் சாப்பாடு. ஒரு கைப்பிடிப் பருப்பில் ஏழு கிராம் புரதம், அத்தனையும் தொட்டிக்குப் போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "லேசாகக் கொடுங்கள்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம், சாப்பாட்டைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. இது மாற வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வேளைக்கு: 150 மில்லி பால், இரண்டு மேசைக் கரண்டி பால் பவுடர், 15 கிராம் சத்துமாவு, ஒரு சிறு கரண்டி எண்ணெய், இரண்டு சிறு கரண்டி சர்க்கரை. இதில் 300 கலோரியும் 12 கிராம் புரதமும் தேறும். ஆறு வேளை கொடுத்தால் 1,800 கலோரி, 70 கிராமுக்கு மேல் புரதம். மாவு முளைகட்டிய தானியத்தில் அரைத்ததாக இருக்கட்டும். முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கஞ்சி கெட்டியாகாமல் டியூப்பில் தாராளமாக இறங்கும். மாவை நன்றாக வேகவைத்து, மிக்சியில் அடித்து, நைசான வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். மேலே நிற்பதைத் திரும்ப அடித்துச் சேருங்கள், கொட்டாதீர்கள். அறைச் சூட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதை அப்படியே எடுக்க வேண்டாம், வார்டு டயட்டீஷியனிடம் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியே டின்னில் வரும் ஃபீட் (டியூப்பில் ஊற்றும் உணவு) தந்தால் இன்னும் நல்லது, அளவு தெளிவாக இருக்கும்.

எப்போதும் சொல்வதுதான்: தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஃபீட் முடிந்து ஒரு மணி நேரம் வரை இறக்கக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவுங்கள்.

டியூப்பில் பச்சை முட்டை அடித்து ஊற்றலாமா? (தேனி)

கூடாது, கிருமி இருக்கலாம். அவித்து, பாலில் அடித்து, வடிகட்டிக் கொடுங்கள். ஒரு முட்டை, ஆறு கிராம் புரதம்.

முட்டை, மீன் கொடுத்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று பெரியம்மா தடுக்கிறார். (காரைக்குடி)

சீழுக்குக் காரணம் கிருமி. புரதம் இல்லாவிட்டால்தான் புண் ஆறாது. பெரியம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே கொடுங்கள்.

ராத்திரி இருமலில் டியூப் நான்கு விரல் அளவு வெளியே வந்துவிட்டது. நாங்களே உள்ளே தள்ளிவிட்டோம். பரவாயில்லையா? (ஓசூர்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தொண்டைக்குள் புதுத் தையல் இருக்கிறது, முனை அதைக் கிழிக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். உடனே ஃபீடை நிறுத்துங்கள், நர்ஸிடம் உண்மையைச் சொல்லுங்கள். இடம் சரிதானா என்று அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடலாம். மூக்கருகே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், நகர்ந்தால் தெரியும்.

கழுத்து டிரெய்னில் (ஆபரேஷன் செய்த இடத்து நீரை வெளியேற்றும் குழாய்) ஃபீட் ஆரம்பித்த மறுநாள் பால் போலத் திரவம் வருகிறது. கொழுப்பில்லாத ஃபீட் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமாமே? (கோவை)

குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர்க் குழாய் இடது கழுத்தில்தான் ரத்தக் குழாயில் சேர்கிறது. ஆபரேஷனில் அதில் கசிவு ஏற்பட்டால், கொழுப்பு போகிற அளவுக்கு டிரெய்ன் வெளுக்கும். அதனால்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். எம்.சி.டி. என்ற தனிவகைக் கொழுப்பு எண்ணெய் நிணநீர் வழியே போகாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும். தேங்காய் எண்ணெய் அதற்கு மாற்று இல்லை. அதில் பாதி லாரிக் அமிலம், அதில் பெரும்பங்கு நிணநீர் வழியேதான் போகிறது. டாக்டர் எழுதித் தந்ததை மட்டும் கொடுங்கள்.

பத்து நாளாக அண்ணன் எதுவுமே சாப்பிடவில்லை. இப்போது டியூப் போட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார்கள். பசியில் கிடப்பவருக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? (மதுரை)

கஞ்சத்தனம் இல்லை, ஜாக்கிரதை. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயம் தடுமாறலாம். அதனால்தான் முதலில் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி, தினமும் ரத்தப் பரிசோதனை, நாலைந்து நாளில் முழு அளவு. அவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் ஒரு டம்ளர் கூட்டி ஊற்றாதீர்கள்.

சர்க்கரை 260 வந்ததால் நாங்களே ஃபீடைப் பாதியாக்கிவிட்டோம். (வேலூர்)

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? இன்சுலினைக் கூட்டித்தான் சரிசெய்ய வேண்டும், சாப்பாட்டை வெட்டி அல்ல. வார்டில் 140 முதல் 180 வரை இருந்தால் போதும். இன்சுலின் போட்ட பிறகு ஃபீடைக் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவே தப்பிவிடலாம்.

மாத்திரைகளைப் பொடித்து ஃபீடில் கலந்துவிடலாமா? (நெல்லை)

ஃபீடில் கலக்கவே கூடாது. தனித்தனியாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, 30 மில்லி கழுவல் முன்னும் பின்னும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, சிரப்பாகக் கேளுங்கள். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் மெல்ல ஏற்றி இறக்குங்கள், கம்பி விடாதீர்கள்.

நாக்கில் பாதி எடுத்தாயிற்று. இட்லியைக் குழைத்துக் கொடுத்தால் இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தொண்டை நனையட்டும் என்று கொஞ்சம் கொடுக்கிறோம். (தூத்துக்குடி)

வேண்டாம். தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும், மூச்சுக்குழாயின் வாய் மூடும் முன்பே நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பார்க்கும் வரை நிறுத்துங்கள். எந்தப் பதம், எந்தப் பக்கம் தலை சாய்ப்பது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. இருமலே இல்லாமலும் உள்ளே போகலாம், காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள். சாப்பிடும்போதும் நிமிர்ந்து உட்கார வேண்டும், தலைமாடு விஷயத்தை மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாதத்தில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமாம். பாக்குப் பழக்கத்தால் வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது, டியூப்பையும் எடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. (நாகர்கோவில்)

எடுக்க வேண்டாம். கதிர்வீச்சை வழக்கமாக ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவார்கள். அது தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், அப்போது டியூப் இல்லையென்றால் தவித்துப்போவீர்கள். இரண்டு மாதம் ஆகும் என்றால் வயிற்றில் போடும் டியூப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மூக்கு தப்பிக்கும். மூன்று விரல் நுழைகிற வாய் இவருக்கு ஒரு விரலில் நிற்கிறது. சர்ஜன் சம்மதித்ததும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்கு நாலைந்து தரம், சில நாட்களுக்கு ஒரு குச்சி என்று கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும், 2004லேயே உறுதி செய்யப்பட்டது இது. இனி ஒரு துண்டுகூட வேண்டாம். வாராவாரம் ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒரு கிலோ இறங்கினால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.